கோடி வரிகளுக்குள் ஒரு வரி

அகர வரிசையில் அடுக்கிய நீண்ட பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுகிறவர் முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வரமாட்டார்; நடுவில் திறந்து, தேடும் பெயர் அதற்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய பாதியின் நடுவை மறுபடியும் திறப்பார். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு பைனரி சர்ச் என்ற பெயரில் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படும் இந்த எளிய உபாயத்தில், உலகம் முழுவதும் இருபது வருஷமாக ஒரு பிழை ஓடிக்கொண்டிருக்கிறது என்று 2006-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஜோஷுவா பிளாக் என்பவர் எழுதினார். குறை சொன்னவர் வெளியாள் அல்லர்; ஜாவா மொழியின் அடிப்படை நூலகத்தில் அந்தத் தேடலை எழுதியவரே அவர்தான். தம்முடைய ஆசிரியர் ஜான் பென்ட்லி, 1986-இல் வெளிவந்த ‘புரோகிராமிங் பெர்ல்ஸ்’ என்ற நூலில் படிப்படியாக நிரூபித்துக் காட்டிய முறையை ஒட்டியே அவர் அதை எழுதியிருந்தார்.

பிழை இருந்த இடம் ஒரே ஒரு வரி. பட்டியலின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு கிடைக்கும் என்பது அந்த வரி. கணக்கு என்ற அளவில் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் 32 பிட் இடத்தில் எண்ணை வைத்துக்கொள்ளும் நிரலுக்கு 214 கோடியே சொச்சத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. பட்டியலில் 107 கோடிக்கு மேற்பட்ட உருப்படிகள் சேர்ந்து, தேடலும் அதன் பின்பாதிக்குள் போய்விட்டால், இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகை அந்த வரம்பைத் தாண்டிப் புரண்டு எதிர்மறை எண்ணாகிவிடும். அதற்கு மேல் நடப்பது விபரீதம். 1986-இல் அவ்வளவு பெரிய பட்டியலை யாரும் கனவில்கூடக் கண்டதில்லை என்பதால் பிழை தன் காலம் வரும்வரை பேசாமல் கிடந்தது.

ஜாவாவில் அந்த வரி திருத்தப்பட்டது. திருத்தமும் சுலபந்தான்: எல்லைகளைக் கூட்டுவதற்குப் பதிலாக, அவற்றின் வித்தியாசத்தில் பாதியைக் கீழ் எல்லையோடு சேர்த்தால் போதும். கஷ்டமான கேள்வி அதற்குப் பிறகு வருவது. பாடப் புத்தகத்திலிருந்து வகுப்புக் குறிப்புக்கும், வகுப்புக் குறிப்பிலிருந்து ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்கும் கைமாறிப் போயிருக்கிற இதே வரி, வேறு எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது?

ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லப்படும் கட்டற்ற மென்பொருளின் பெருமையைப் பற்றிப் பேசுகிறவர்கள், மூல நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, ஆகையால் ஆயிரம் கண்கள் அதைப் பார்க்கின்றன, ஆகையால் குற்றம் மறைந்து நிற்காது என்று மூன்றே படியில் முடிவுக்கு வந்துவிடுவது வழக்கம். லினக்ஸ் கெர்னல் ஒன்று மட்டுமே 3 கோடி வரிகளுக்கு மேல் இருக்கிறது. விநாடிக்கு ஒரு வரி வீதம் ஊண் உறக்கம் இல்லாமல் படிக்கிற மனிதர் ஒருவர் அகப்பட்டாலும் அவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும், அவர் முடிப்பதற்குள் படித்ததில் ஒரு பகுதி மாறியும் இருக்கும். நிரலைத் திறந்து வைப்பது ஒரு காரியம். அதற்குள் வேண்டிய வரியைக் கண்டெடுக்க வகை செய்வது வேறு காரியம். பின்னது இல்லாவிட்டால் முன்னதற்குப் பாதிப் பிரயோஜனந்தான் உண்டு என்பது என் அபிப்பிராயம். திறந்து வைத்தவர்களுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட, தேடுவதற்குக் கருவி செய்து கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பெல் லாபில் தொடங்கிய கதை

அந்தக் கருவிகளில் மூத்தது கிரெப். அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் இருந்த பெல் ஆராய்ச்சி நிலையத்தில் கென் தாம்ஸன் எழுதியது. 1973-இல் வெளிவந்த, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நான்காம் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. அது பிறந்த கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787, 1788-ஆம் வருஷங்களில் ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகிய மூவரும் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளில் எது யாருடையது என்று சொற்களின் பிரயோகத்தைக் கொண்டே நிர்ணயிக்க லீ மக்மஹோன் என்ற சக ஆராய்ச்சியாளர் முயன்றார் என்றும், அத்தனை கட்டுரைகளும் அந்நாளைய இயந்திரத்தின் சிறு நினைவகத்தில் அடங்காமையால் எட் என்னும் எடிட்டர் கைவிரித்துவிட்டது என்றும், தாம்ஸன் அந்த எடிட்டருக்குள் இருந்த தேடும் பகுதியை மட்டும் கழற்றித் தனி நிரலாக்கிக் கொடுத்தார் என்றும் பிரையன் கெர்னிகன் சொல்வார். ஃபைல்களுக்குள் தேட ஒரு வசதி இருந்தால் நன்றாயிருக்குமே என்று தாம் கேட்டதாகவும், ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்ற தாம்ஸன், முன்பே தம் சொந்த உபயோகத்துக்கு எழுதி வைத்திருந்ததை மறுநாள் துடைத்து மெருகேற்றிக் கொண்டுவந்ததாகவும் டக் மக்கில்ராய் சொல்வார். இரண்டும் உண்மையாக இருப்பதில் தடையொன்றும் இல்லை. நிரல் தேடுவதற்கென்று இன்று உலகமெங்கும் நிரலாளர்கள் நாளெல்லாம் தட்டுகிற கட்டளை, ஒரு கதையின்படி, யாரோ எழுதிய அரசியல் கட்டுரைகளின் கர்த்தாவைத் துப்பறிவதற்காக வந்தது என்பதை ரஸமான விஷயம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கிரெப்பின் சக்தி, இன்ன சொல் என்று மட்டுமல்லாமல் இன்ன மாதிரியான சொல் என்றும் கேட்க முடிவதில் இருக்கிறது. இந்த மாதிரிகளை எழுதும் முறைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். 1950-களில் ஸ்டீவன் கிளீனி என்ற கணித அறிஞர் வகுத்தது. அதை இயந்திரத்தில் ஓட்டுவதற்கு 1968-இலேயே தாம்ஸன் ஓர் உபாயம் வெளியிட்டிருந்தார்: வாசகத்தின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே தடவை படிப்பது, படிக்கும்போது மாதிரி எந்தெந்த நிலையில் இருக்கக்கூடுமோ அத்தனை நிலைகளையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொண்டே போவது. பின்னால் வந்த பெர்ல் முதலிய மொழிகள் இந்த வழியை விட்டுவிட்டு, ஒரு வழியில் போய்ப் பார்த்து, தோற்றால் திரும்பி வந்து வேறு வழியில் போகும் முறையை மேற்கொண்டன. சாதாரண மாதிரிகளுக்கு அது வேகமாகவே ஓடும், விஷமமான மாதிரி ஒன்றைக் கொடுத்தால் திக்குமுக்காடிப் போகும். 29 எழுத்துள்ள ஒரு சிறு வாசகத்தின் மேல் அப்படிப்பட்ட மாதிரி ஒன்றை ஓட்ட பெர்ல் 60 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, தாம்ஸனின் பழைய முறைக்கு மைக்ரோ விநாடிகளே போதும் என்று ரஸ் காக்ஸ் என்பவர் 2007-இல் எழுதிக் காட்டிய பிறகுதான் உலகம் அந்த 1968-ஆம் வருஷத்து உபாயத்தைத் திரும்பிப் பார்த்தது. இந்த ரஸ் காக்ஸைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் சுமார் 9,000 வரி மூல நிரலை 1976-77-இல் மாணவர்களுக்காக அச்சிட்டு, கூடவே ஓர் உரையும் எழுதினார். அந்த அச்சுப் பிரதியில் நிரல் மட்டும் இல்லை. எந்தப் பெயர் எந்த வரியில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவும் இருந்தது. கம்ப்யூட்டரின் உதவியில்லாமல் விரலை வைத்துக்கொண்டே ஒருவர் ஒரு பெயரின் போக்குவரவைத் தொடரலாம். பின்னர் யூனிக்ஸுக்கு உரிமை கொண்ட கம்பெனி வகுப்பில் அதைப் பயன்படுத்தத் தடை விதிக்கவே, புத்தகம் ஜெராக்ஸ் பிரதிகளாகக் கைக்குக் கை போயிற்று. 1996-இல்தான் முறைப்படி வெளியிடப்பட்டது. மூல நிரலை நூலாகப் பாவித்து, நூலுக்கு உரிய உபசாரங்களையெல்லாம் அதற்குச் செய்தவர் என்ற வகையில் லயன்ஸை நான் மிகவும் மதிக்கிறேன். சீஸ்கோப், சீடேக்ஸ், நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸுக்காகச் செய்யப்பட்ட எல்எக்ஸ்ஆர், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொடுத்த ஓப்பன்கிராக் எல்லாம் அந்தச் சொல்லடைவின் வழித்தோன்றல்களே.

மூன்று எழுத்துச் சூத்திரம்

கிரெப் செய்வது, கேள்வி வரும்போதெல்லாம் முதல் ஃபைலிலிருந்து கடைசி ஃபைல் வரை படிப்பது. ஒரு மென்பொருளுக்கு அது சரி. உலகத்திலுள்ள பகிரங்க மென்பொருள் அனைத்துக்கும் கேள்விக்கு ஒரு தடவை படிப்பது நடவாத காரியம். அதற்கு முன்னதாகவே ஓர் அடைவு, அதாவது இன்டெக்ஸ், கட்டி வைத்திருக்க வேண்டும். சாதாரண வலைத்தேடலில் சொற்களுக்கு அடைவு கட்டுவார்கள். நிரலிலோ சொல் எங்கே முடிகிறது என்பதே தகராறு. அடைப்புக்குறியும் நட்சத்திரமும் அம்புக்குறியுந்தான் அங்கே அர்த்தத்தைத் தாங்குகின்றன, அவற்றையெல்லாம் குப்பையென்று கழித்துவிடுகிற தேடு கருவி நிரலாளருக்கு உதவாது.

2006-ஆம் வருஷத்துக் கோடையில் கூகுளில் பயிற்சி மாணவராக இருந்த ரஸ் காக்ஸ், தம்மை மேற்பார்த்த ஜெஃப் டீன் தூண்டியதன்பேரில், உலகத்துப் பகிரங்க மூல நிரல்கள் அனைத்தின்மேலும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கொண்டு தேடும் ஒரு கருவி செய்தார். அந்த வருஷம் அக்டோபரில் அது கூகுள் கோட் சர்ச் என்று வெளிவந்தது. அதன் உள்ளே இருந்த சூத்திரம் அடக்கமானது. ஃபைலில் அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு மூன்று எழுத்துக் கோவைக்கும், அது எந்தெந்த ஃபைல்களில் வருகிறது என்று ஒரு பட்டியல். ‘சர்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் எஸ்-இ-ஏ, இ-ஏ-ஆர், ஏ-ஆர்-சி, ஆர்-சி-எச் என்ற நான்கு கோவைகளின் பட்டியல்களையும் எடுத்து, நான்கிலும் பொதுவாக உள்ள ஃபைல்களை மட்டும் பொறுக்கி, அந்தச் சிலவற்றை மட்டுமே கிரெப்பைப் போல வரிவரியாகப் படிப்பது. அடைவு ஆளைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டுவதில்லை. சந்தேகத்துக்கு உரியவர்களின் ஜாபிதாவைச் சுருக்கிக் கொடுக்கிறது. லினக்ஸ் 3.1.3-இன் 420 மெகாபைட் நிரலுக்கு இவ்விதம் கட்டிய அடைவு 77 மெகாபைட்டே வந்தது என்று அவர் பின்னர் கணக்குக் காட்டினார். அந்நியர்கள் விஷமமான மாதிரிகளைக் கொடுத்து சர்வரை மூச்சுமுட்டச் செய்துவிடலாம் அல்லவா? அதைத் தடுக்கத்தான் தாம்ஸனின் 1968-ஆம் வருஷத்து முறையில் புதிதாக ஓர் இயந்திரம் எழுத நேர்ந்தது. அது ஆர்இ-2 என்ற பெயரில் 2010-இல் பொதுவுக்கு வந்தது.

இப்போது பிளாக் சொன்ன வரிக்குத் திரும்புவோம். அதைத் தேடப் போகிற நிரலாளர் முதலில் காண்பது, எல்லைகளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பதை: லோ-ஹை என்பார் ஒருவர், லெஃப்ட்-ரைட் என்பார் இன்னொருவர், ஸ்டார்ட்-எண்ட் என்பார் மூன்றாமவர், வெறும் ஓரெழுத்தோடு நிறுத்திக்கொள்வாரும் உண்டு. சரி, பெயர் எதுவானால் என்ன என்று, ஏதோ ஒரு சொல், கூட்டல் குறி, ஏதோ ஒரு சொல், மூடிய அடைப்பு, வகுத்தல், இரண்டு என்று மாதிரி எழுதினால், கிரெப்புக்கு அது தெளிவாகப் புரியும். மூன்று எழுத்து அடைவுக்கோ பிடிமானமே கிடைக்காது. மாறாமல் நிற்கும் மூன்று எழுத்து அந்த மாதிரியில் எங்கே இருக்கிறது? குறிகளுக்கு நடுவே இடைவெளி விடுவாரும் உண்டு, விடாதாரும் உண்டு; இரண்டுக்கும் இடம் வைத்து எழுதினால் அப்படி ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் அனுபவசாலி வேறு வழி எடுப்பார். நடுவுக்குப் பெரும்பாலோர் வைக்கிற பெயர் ‘மிட்’. அந்த எம்-ஐ-டி என்ற மூன்றெழுத்தையும் அதற்கு முன்னே வருகிற ‘இன்ட்’ என்ற வகைப் பெயரையும் மாதிரியில் நிலையாக நட்டுவிட்டு மற்றதை நெகிழ விடுவார். இதனால் ‘மிட்’ என்று பெயர் வைக்காதவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுக்கு இரண்டாவது தேடல், மூன்றாவது தேடல். கிடைத்தவற்றிலும், சித்திரத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிடுகிற நிரபராதிகள் அநேகம் பேர் இருப்பார்கள். அவர்களைக் கண்ணால் பார்த்தே கழிக்க வேண்டும். கருவியின் உள்ளமைப்பைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே பெட்டியிலிருந்து கிடைக்கிற பலனில் இவ்வளவு வித்தியாசம்.

தமிழ் எழுத்துக்கு இந்தச் சூத்திரத்தில் ஒரு வேடிக்கை நேர்கிறது. காக்ஸின் அடைவு எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். எனவே மூன்று ஆங்கில எழுத்துக்குச் சமானமான கோவை, தமிழில் ஓர் அகரமோ ஒரு புள்ளியோதான். இந்த யூடிஎஃப்-8 முறையை 1992-இல் ராப் பைக்கோடு சேர்ந்து வகுத்தவரும் அதே கென் தாம்ஸன் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. க்னோம், கே.டி.இ., லிப்ரே ஆபீஸ் போன்றவற்றின் தமிழாக்கக் கோப்புகளில் சொற்களைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, பைட்டுகளில் இரண்டும் வேறு. ‘கொடு’ என்று ஒரு விதமாகத் தட்டித் தேடினால் இன்னொரு விதமாகத் தட்டப்பட்ட ‘கொடு’ கிரெப்பின் கண்ணில் படுவதே இல்லை.

கூகுள் கோட் சர்ச் 2012-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி மூடப்பட்டது. காரணம், கம்பெனிகள் சொல்கிற வழக்கமான காரணந்தான். அது எத்தனை பேருடைய அன்றாட வேலைக்கு ஆதாரமாக இருந்தது என்பது மூடின பிறகே தெரிந்தது. காக்ஸ் சும்மா இருக்கவில்லை; அதே மாதத்தில் சூத்திரத்தை விரிவாக எழுதி, சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டக்கூடிய சிறு கருவியையும் கோ மொழியில் எழுதிப் பொதுவில் வைத்துவிட்டார்.

யாருடைய அடைவு?

அந்தக் கட்டுரை ஜெர்மனியில் ஒரு மாணவர் கையில் பயன் கொடுத்தது. மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க், டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்திலுள்ள மென்பொருள் அனைத்தின் மூல நிரலையும் தேட ஒரு கருவியைத் தம் இளங்கலைப் பட்ட ஆய்வாகவே எடுத்துக்கொண்டு, 2012-க்குள்ளேயே டெபியன் கோட் சர்ச்சை ஓட்டிக் காட்டினார். அடிப்படை அதே மூன்றெழுத்து அடைவு. அதை நடத்துவது விளம்பரக் கம்பெனி அல்ல. டெபியனைக் கட்டுகிறவர்கள் தங்கள் வேலைக்காகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நூலகத்தில் ஒரு ஃபங்ஷனை நீக்க வேண்டுமானால் அதை நம்பியிருக்கிற மென்பொருள்கள் எவை என்று அங்கே கேட்டு, அவற்றின் பராமரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே திருத்தம் அனுப்பிவிடலாம். ஊரார் சொத்துக்கு ஊராரே கட்டிய அடைவு என்ற இந்த ஏற்பாடுதான் எனக்கு உவப்பானது.

ஆனால் உலகத்தின் பகிரங்க நிரலில் பெரும்பகுதி இன்று கிட்ஹப் என்ற ஒரே ஸ்தாபனத்தின் கூரைக்குக் கீழே வந்துவிட்டது. அங்கே தேடல் நெடுங்காலம் சுமாராகவே இருந்தது. 2013 ஜனவரியில் அவர்கள் புதிய தேடலைத் திறந்தபோது, ஜனங்கள் கவனக்குறைவாகத் தங்கள் நிரலோடு சேர்த்து வெளியிட்டிருந்த ரகசியச் சாவி ஃபைல்கள் கும்பல் கும்பலாகத் தேடலில் வந்து விழுந்தன; அவை பல நாளாக எல்லோர் கண்ணுக்கும் எட்டுகிற இடத்திலேயே இருந்தவைதாம், தேடல் வரும்வரை யாரும் காணவில்லை, அவ்வளவுதான். பிறகு ரஸ்ட் மொழியில் பிளாக்பேர்ட் என்ற பெயரில் முற்றிலும் புதிய இயந்திரம் ஒன்றை எழுதி 2023-இல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அப்போது அவர்கள் வெளியிட்ட கணக்கு மனத்தில் நிறுத்தத்தக்கது. 4 கோடியே 50 லட்சம் ரெப்போக்கள், அதாவது நிரல் களஞ்சியங்கள். அவற்றின் நிரல் 115 டெராபைட். கிரெப்பின் இன்றைய வாரிசுகளில் மிகவும் வேகமான ரிப்கிரெப்பை 64 கோர்கள் கொண்ட 32 இயந்திரங்களில் ஏவி, அத்தனை நிரலையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டாலும், ஒரே ஒருவருடைய ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வர 96 விநாடி ஆகும். அதே 115 டெராபைட்டில் ஒன்றுபோலிருக்கும் ஃபைல்களை ஒன்றாக்கிவிட்டால் மிஞ்சுவது 28 டெராபைட். ஊரெல்லாம் பார்த்து எழுதின பிரதி என்பதற்கு இதைவிட ருசு வேண்டியதில்லை. பிளாக்கின் வரி எப்படிப் பரவியிருக்கும் என்பதும் இதிலிருந்தே ஊகிக்கத்தக்கது. அடைவிலும் ஒரு திருத்தம் செய்தார்கள்: மூன்றெழுத்துக் கோவைகளில் சில எல்லா ஃபைல்களிலும் வந்து பட்டியலை வீங்க வைப்பதால், நீளம் மாறுகிற கோவைகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள்.

இத்தனை சிறப்புக்கும் சில நிபந்தனைகள் உண்டு. கணக்குத் தொடங்கி உள்ளே வந்தவருக்கே தேடல். ஒவ்வொரு ரெப்போவிலும் பிரதானக் கிளை மட்டுமே அடைவில் ஏறும். 350 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. இவையெல்லாம் நியாயமான சிக்கனங்களே. ஆயினும், தேடினேன், இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, எதற்குள் தேடினீர்கள் என்று கேட்காமல் அந்த ‘இல்லை’யை ஏற்றுக்கொள்ளக்கூடாது.

ஏன் என்ற கேள்வி

ஆவணங்களில் தேடுவது நிரலில் தேடுவதைவிடச் சுலபம் என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பாராதவர்கள். யூனிக்ஸின் முதல் கையேடு 1971-ஆம் வருஷம் நவம்பர் 3-ஆம் தேதியிட்டது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டளையின் பெயர், உபயோகம் ஆகியவற்றோடு ‘பக்ஸ்’ என்றே ஒரு தலைப்பை வைத்து, தங்கள் படைப்பின் குறைகளைத் தாங்களே அச்சிட்டுக்கொண்டார்கள். இன்றைய விளம்பர எழுத்தாளர்கள் இதைப் படித்தால் மூர்ச்சையாகிவிடுவார்கள். பிற்பட்ட பதிப்புகளில், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பு வாசகத்தையும் எடுத்து அதிலுள்ள முக்கியமான சொல் ஒவ்வொன்றின் கீழும் திருப்பித் திருப்பி அடுக்கிய அடைவு இருந்தது. கட்டளையின் பெயர் தெரியாமல், செய்ய வேண்டிய காரியம் மட்டும் தெரிந்தவருக்கு அது வழிகாட்டிற்று.

இன்றைய ஆவணங்களின் வியாதி பஞ்சமல்ல, மிகுதி. ஒரே நூலகத்தின் பத்துப் பதிப்புகளுக்கும் பத்து ஆவணங்கள் நிற்க, வலைத்தேடல் அவற்றில் மிகப் பழையதை, பலரும் சுட்டிய ஒரே காரணத்தால், முதலில் எடுத்துக் கொடுக்கும். பைதான் 2-க்கு 2020-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆயுள் முடிந்தது. அதற்குரிய விளக்கங்கள் அதற்குப் பின்னும் தேடலில் நடமாடிக்கொண்டே இருந்தன. ஹாஸ்கெல் மொழிக்காரர்கள் நீல் மிட்செல் என்பவர் செய்த ஹூகிள் என்ற கருவியில், பெயரைச் சொல்லாமல், எந்த வகைப் பொருளை வாங்கி எந்த வகைப் பொருளைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் வேண்டும் என்று வடிவத்தைச் சொல்லியே தேடுகிறார்கள். வகைகளை இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிற மொழியில்தான் அது இத்தனை நன்றாக நடக்கும்.

நிரலும் ஆவணமும் சொல்லாத ஒன்றை வரலாறு சொல்லும். கிட் என்னும் பதிவு முறையில் ஒவ்வொரு மாற்றமும் தேதியும் நேரமும் காரணக் குறிப்புமாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு சொற்றொடர் எந்த மாற்றத்தில் உள்ளே வந்தது, எந்த மாற்றத்தில் வெளியே போயிற்று என்று அந்தப் பதிவுகளுக்குள்ளேயே தேட அதில் ஒரு கட்டளை உண்டு. 2014 ஏப்ரலில் உலகத்தைக் கலக்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நூலகத்தின் ஹார்ட்பிளீட் என்ற பிழையை, எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபாராமல் நம்பிய அந்தப் பிழையை, இவ்விதம் பின்தொடர்ந்தவர்கள் 2011-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, புது வருஷம் பிறப்பதற்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் சேர்ந்த ஒரு மாற்றத்தில் போய் நின்றார்கள். எந்த வரி என்பதற்குப் பதில் அடைவில் இருந்தது. எப்போது, எந்த நோக்கத்தோடு என்பதற்குப் பதில் பதிவேட்டில் இருந்தது. இப்பதிவேடுகளே அழிந்து போகாதிருக்கப் பாரிஸை மையமாகக் கொண்டு ராபர்ட்டோ டி காஸ்மோவும் ஸ்டெஃபானோ ஸக்கிரோலியும் 2016-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், கூகுள் கோட், கிடோரியஸ் போன்ற இடங்கள் மூடப்பட்டபோது அங்கிருந்த நிரல்களைக் காப்பாற்றிக் கொணர்ந்து வைத்திருக்கிறது.

மறைத்தவன் தேடலை அறிந்தவன்

2024-ஆம் வருஷம் மார்ச் 29-ஆம் தேதி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உழைப்பவரான ஆண்ட்ரெஸ் ஃப்ரெயுண்ட், எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பதாகப் பகிரங்கப்படுத்தினார். அதை வைத்தவர் வருஷக்கணக்கில் நல்ல பங்களிப்பாளராக நடித்து நம்பிக்கை சம்பாதித்தவர். நமக்கு இங்கே வேண்டியது, அவர் அதை மறைத்த விதம். விஷ நிரலைப் பரிசோதனைக்கான மாதிரி ஃபைல்கள் என்ற வேஷத்தில், எழுத்தாக இல்லாமல் சுருக்கிய பைனரி வடிவில், எல்லோரும் பார்க்கக்கூடிய ரெப்போவிலேயே வைத்தார். அதை எடுத்து ஓட்டுகிற சிறு ஸ்கிரிப்ட்டை ரெப்போவில் வைக்கவே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டி அனுப்புகிற டார்பால் மூட்டையில் மட்டும் செருகினார்.

அவர் பிரித்து வைத்த இரண்டு பாதிகளையும் தேடு கருவிகளின் எதிரே வைத்துப் பார்த்தால் காரியம் விளங்கும். பைனரி ஃபைலுக்கு எந்த நிரல் தேடலும் அடைவு கட்டுவதில்லை. ஆகவே முதற்பாதி பகிரங்கமாக இருந்தும் அகப்படாது. இரண்டாம் பாதி கிட்ஹப்பின் தேடலில் இராது, ஏனெனில் அது தேடுவது ரெப்போவை. டெபியன், வெளியீட்டு மூட்டைகளிலிருந்தே தன் பொதிகளைக் கட்டியது. ஆகையால் அந்த ஸ்கிரிப்ட் டெபியனின் மூல நிரல் பொதிக்குள் எழுத்தாகவே, தேடத்தக்க வடிவிலேயே கிடந்தது. எனினும் இன்னதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவர் அப்போது அதை வைத்தவர் ஒருவரே. ஃப்ரெயுண்ட் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை; எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகித்து, அந்த அரை விநாடி எங்கே செலவாகிறது என்று அளந்துகொண்டே போய் அங்கே வந்து சேர்ந்தார்.

இடம் தெரிந்த பிறகு தேடலுக்கு வேலை வந்தது. ரெப்போவையும் மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளை எடுத்துப் பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகு வலுப்பட்டது. ஆர்ச் லினக்ஸ்காரர்கள் அந்த மென்பொருளை மூட்டையிலிருந்து கட்டுவதை உடனே விட்டுவிட்டு, கிட் ரெப்போவிலிருந்து நேராக எடுத்துக் கட்டிய பதிப்பை வெளியிட்டார்கள். தயாரித்துச் சேர்க்கப்படுகிற ஸ்கிரிப்ட்டுகள் ஆயிரக்கணக்கான மூட்டைகளில் இன்றும் இருக்கின்றன. அவை ரெப்போவில் இல்லாதிருப்பது பெரும்பாலும் பழைய சம்பிரதாயமே, சூது அல்ல. ஆகையால் வித்தியாசம் இருக்கிறதா என்று தேடினால் எங்கும் வித்தியாசந்தான் கிடைக்கிறது, அவற்றில் எது சம்பிரதாயம், எது சூது என்று பிரிக்கிற வேலை இன்னும் பராமரிப்பாளர்களின் கண்ணை நம்பியே நடக்கிறது.